மஞ்சள் கல்லும் மவுன ஊரும்

ஐயப்பன்தாங்கலில் நின்று நாற்றிசையும் நோக்குங்கள். மாடிமேல் மாடி, அதன்மேல் மற்றொரு மாடி. சாலை நெடுக மெட்ரோ ரயிலுக்கென எழுந்த தூண்கள். சந்துக்குச் சந்து சிமெண்ட் தரை. பட்டணம் மேற்கே பெருகி வருகிறது, பழைய வயலையும் ஏரிக்கரையையும் விழுங்கிக்கொண்டு! பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பெருமைக்கு வேண்டிய கல் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? வானம் கொட்டவில்லை; வரம் தரும் தெய்வம் எதுவும் வண்டியில் ஏற்றி அனுப்பவில்லை. பல்லாவரத்திலும் திரிசூலத்திலும் பம்மலிலும், நமக்கு அண்மையிலுள்ள சிக்கராயபுரத்திலும் பாறையைப் பிளந்து, வெடி வைத்துத் தகர்த்து, கூடையிலும் லாரியிலும் ஏற்றி அனுப்பினர் பாட்டாளிகள்.

அந்தக் கல்லின் புகழ் கல்கத்தா வரை சென்றது. அந்நகரை நிறுவியவன் எனப் பேசப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பல்லாவரத்துக் கல் கிடந்தது. ஹாலண்ட் என்னும் நிலவியல் அறிஞர் அதனை ஆராய்ந்து, 1893இல் அவ்வகைப் பாறைக்கே ‘சார்னாக்கைட்’ என்று பெயர் சூட்டினார். வெட்டியவன் பெயர் கல்லுக்கு இல்லை. விளைந்த ஊரின் பெயரும் இல்லை. கல்லின் கீழே உறங்குபவன் பெயர் கிடைத்தது கல்லுக்கு! என்னே விந்தை!

கல் போயிற்று, குழி நின்றது. சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட குவாரிக் குழிகள் இருபதுக்கும் மேற்பட்டவை. மழைநீர் தேங்கி, பச்சை நிறத்தில் பளபளத்து, பார்ப்பவரை வா வா என அழைக்கின்றன. 2017இலும் 2019இலும் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, அந்தக் குழிநீரைத்தான் செம்பரம்பாக்கத்துக்குக் கொண்டுசென்று சுத்திகரித்து மாநகருக்கு ஊட்டினர். மாநகரின் தாகம் தீர்த்த அதே குழிகள், குளிக்கச் சென்ற இளைஞர்களை விழுங்கிய செய்தியும் ஏடுகளில் வந்துகொண்டே இருக்கிறது. ஒருமுறை, இருமுறை அல்ல. கோடை தோறும் அஞ்ச வேண்டியிருக்கிறது, ஆசிரியத் தொழில் புரியும் நாம்.

வகுப்பில் ஒருநாள் கேட்டோம்: “பழந்தமிழகத்தின் எல்லை யாது?” வடக்கே வேங்கடம், தெற்கே குமரி என்று ஒரே குரலில் முழங்கினர் மாணவர். பனம்பாரனார் பாயிரத்தில் வகுத்த எல்லை பையன்களின் நாவிலே நடமாடுகிறது. மகிழ்ந்தோம். “சரி, நம் பக்கத்திலுள்ள குவாரியின் எல்லை யாது? எது வரை வெட்ட உரிமை தந்தனர்? எவ்வளவு ஆழம் தோண்ட ஒப்பினர்?” என்றோம். மவுனம்! மாணவரைக் குறை சொல்வானேன்? பெற்றோரைக் கேட்டாலும் மவுனந்தான் மறுமொழி. பெற்றோரை விடுங்கள், ஊர்ப் பெரியவரைக் கேட்டால், “அது ஆபீசுக்குத் தெரியும் தம்பி” என்பார்.

ஆபீசுக்குத் தெரியும்! இந்த ஒரு சொல்லைத்தான் நாம் இங்கே வழக்குமன்றத்தில் நிறுத்துகிறோம்.

மண்ணுக்கடியில் இருப்பதை எடுக்க ஒருவனுக்கு உரிமை தருவதென்றால், ‘இது வரை உனது, இதற்கப்பால் உனதல்ல’ என்று தரையில் காட்டியாக வேண்டும். உலகெங்கும் சுரங்கச் சட்டத்தின் முதற்பாடம் இது. அமெரிக்காவில் 1872இல் ஒரு சட்டம் செய்தனர். திருத்தங்களோடு இன்றும் உயிர் வாழ்கிறது. அங்கே பொது நிலத்தில் தாது கண்டவன், தானே முளையடித்து அதற்கு உரிமை கோரலாம். தாது ஓடும் வழியில் 1500 அடி நீளம், நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 300 அடி அகலம்; அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. எல்லையைத் தரையிலே தெளிவாகக் குறிக்க வேண்டும். மற்றவர் எளிதில் தொடர்ந்து சென்று கண்டுகொள்ளுமாறு குறிக்க வேண்டும். 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், 90 நாளுக்குள் ஒன்றிய அரசின் நில அலுவலகத்திலும் பதிய வேண்டும். கம்பமோ, கற்குவியலோ, மூலைக்கு மூலை நின்று பேசும்: ‘இங்கே ஒருவன் உரிமை கோருகிறான், மறுப்பவர் வரலாம்!’

உடனே அமெரிக்காவைத் தலைமேல் தூக்கி வைத்து ஆடுவதாக எவரும் எண்ண வேண்டாம். அந்த முளை ஏழையின் நெஞ்சிலும் இறங்கிய முளை. 1868இல் சியூ பழங்குடியினருக்குக் கருங்குன்றுகளை உடன்படிக்கை எழுதிக் கொடுத்தனர். 1874இல் அங்கே பொன் இருப்பது வெளிப்பட்டது. முளையும் சுத்தியலுமாகப் புகுந்தது கூட்டம். 1877இல் குன்றுகளையே பறித்தனர். ஆக, முளை நீதியின் வடிவம் என்று நாம் சொல்லவில்லை. அது கண்ணுக்குத் தெரிந்தது என்கிறோம், அவ்வளவே. கண்ணுக்குத் தெரிவதை எதிர்க்கலாம். தெரியாததை எப்படி எதிர்ப்பது?

நம் பழைய ஆட்சிகளும் இதை அறிந்தே இருந்தன. ராசராசன், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தி, லெய்டன் செப்பேடு என அறியப்படும் ஏட்டிலே இருக்கிறது. எல்லை வகுத்தது எப்படி? பெண்யானை ஒன்றை நடத்தி, அது சுற்றி வந்த வழியை எல்லையாகக் கொண்டு, கல்லும் கள்ளியும் நட்டனர். யானை நடந்தால் ஊர் திரளாதா? குழந்தையும் கிழவியும் வந்து பார்த்திருப்பர். ‘என் வரப்பை மிதிக்கிறதே’ என்று ஒருவனாவது முணுமுணுத்திருப்பான். அந்தக் காலம் பொற்காலம் என்று பாடுவோருக்கு நாம் பக்கவாத்தியம் வாசிக்கவில்லை. ராசேந்திரன் காலத்துக் கரந்தைச் செப்பேடு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேதியருக்கு நிலம் வாரி வழங்கியதைப் பேசுகிறது. உழுதவனை ஒரு சொல் கேட்டார்களா என்பதைப் பேசவில்லை. கொடுமையும் அன்று பகலில் நடந்தது. இன்று எல்லையைச் செயற்கைக்கோள் குறிக்கிறது, வானத்திலே நடந்து! ஊர் எதைக் காணும்?

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். இங்கே முளையடித்து உரிமை கொண்டாட எவருக்கும் இடமில்லை. 1957ஆம் ஆண்டுச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின்படி, உரிமமோ குத்தகையோ இன்றி ஒரு கூடை எடுத்தாலும் குற்றம். சொந்த நிலமாயிற்றே என்று வாதாடலாமா? நிலத்தடிக் கனிமம் நிலவுடைமையாளருக்கே உரியது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் மலபார் வழக்கொன்றில் கூறியது மெய். எனினும் தோண்டுவதற்கு அரசின் அனுமதி வேண்டும். அனுமதியின்றித் தோண்டினால், 2015இல் செய்த திருத்தத்தின்படி ஐந்தாண்டு வரை சிறை, எக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை தண்டம். சட்டம் சீறத்தான் செய்கிறது.

எல்லைக் கல்லைப் பற்றியோ, ஒரு சிற்ப நூலே எழுதிவிட்டனர். பெருங்கனிமங்களுக்கென ஒன்றிய அரசு 2016இல் வகுத்த விதிகளைப் புரட்டுங்கள். குத்தகைதாரர் தம் செலவில் எல்லைத் தூண்களை நட்டுக் காக்க வேண்டும். மூலைக்கு ஒரு தூண். கம்பி கட்டிய சிமெண்ட் தூண். அடிப்பாகம் 30 சென்டிமீட்டர் சதுரம். உயரம் 1.30 மீட்டர், அதில் 70 சென்டிமீட்டர் மண்ணுக்கு மேலே, 60 சென்டிமீட்டர் மண்ணுக்குள்ளே. ஒரு தூணருகே நின்றால் முன்னும் பின்னும் உள்ள தூண்கள் தெரிய வேண்டும்; இரண்டுக்கும் இடையே 50 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. வலஞ்சுழியாக எண் பொறிக்க வேண்டும். மொத்தத் தூண்கள் பன்னிரண்டு, இது மூன்றாவது என்றால் அதுவும் தெரிய வேண்டும். மூலைத் தூணில் அட்சரேகை, தீர்க்கரேகை. உச்சியிலே வட்டம், வட்டத்துக்குள் இரு கோடுகள், கோடுகள் வெட்டும் புள்ளியே உண்மை எல்லை. இவ்வளவோடு முடிந்ததா? நிறமும் சொல்லியாயிற்று: உடல் முழுதும் மஞ்சள்; உச்சியில் பத்து சென்டிமீட்டர் மட்டும் சிவப்பு!

மஞ்சள் உடம்பு, செந்நிற உச்சி! தோழர்களே, சிரிக்காமல் இருக்க முடியவில்லை நம்மால். நம் ஊரிலே நிலஅளவைக் கல்லைக் கண்டால் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் கும்பிடும் கூட்டம் ஒன்று உண்டு. மூன்று ஊர் எல்லை கூடும் முச்சந்திக் கல் என்றால் கேட்கவே வேண்டாம். கற்பூரமும் எலுமிச்சையும் தயார். அந்தக் கூட்டத்துக்கு வேலை வைக்காமல் அரசே அலங்காரம் செய்து அனுப்பிவிட்டது போலும்! கல்லைக் கும்பிடத் தெரிந்த ஊருக்குக் கல்லைப் படிக்கத் தெரியவில்லை. அட்சரேகை எண்களைப் பொறித்துவிட்டு, ‘அறிவித்தோம்’ என்கின்றனர். யாருக்கு அறிவித்தனர்? ஆட்டை ஓட்டிச் செல்லும் மூதாட்டிக்கா? அவளுக்கு எண் தெரிந்தாலும், அந்த எண் அவள் மேய்ச்சல் நிலத்தைத் தொடுகிறதா என்பது தெரியுமா? இந்தக் குத்தகை யாருடையது, எந்த ஆண்டில் முடிகிறது என்று ஒரு வரி தமிழில் எழுதக் கல்லில் இடமில்லாமற் போயிற்றா?

மற்றொன்றும் காணுங்கள். நான்கு மூலைக்கும் கல் உண்டு. ஆழத்துக்குக் கல் எங்கே? நீளமும் அகலமும் கண்ணுக்குத் தெரிபவை, அதற்குத் தூண். ஆழம் கண்ணுக்குத் தெரியாதது. அதற்குத் தூண் இல்லை. அலுவலகத்தில் உறங்கும் சுரங்கத் திட்டத்தின் ஏதோ ஒரு பக்கத்தில், இத்தனை மீட்டர் வரை என்று ஓர் எண் கிடக்கிறது. எல்லையைத் தாண்டி பக்கத்து நிலத்தில் பத்தடி போனால் பட்டாக்காரன் கூச்சலிடுவான். கீழ்நோக்கி நூறடி போனால் கூச்சலிட யார் இருக்கிறார்? கிணற்று நீர் வற்றிய பிறகுதான் ஊருக்கு விளங்கும். சிக்கராயபுரத்தில் இளைஞன் மூழ்கியது நீளத்திலா, அகலத்திலா? ஆழத்தில் அன்றோ!

இவை பெருங்கனிமத்துக்கான விதிகள். நம் அக்கம்பக்கத்துக் கருங்கல்லும் கிராவலும் மணலும் சட்டத்தின் கண்ணுக்குச் ‘சிறுகனிமம்’. மலையையே விழுங்கினாலும் பெயர் சிறுகனிமம்! இவற்றுக்கு விதி செய்யும் அதிகாரம் மாநிலத்துக்கு. தமிழ்நாட்டின் விதிகள் 1959இல் பிறந்தவை. மக்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரலாகாது என்பது அவ்விதி. குவாரியின் எல்லையிலிருந்து 7.5 மீட்டர் உள்வாங்கித்தான் வெட்ட வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறை வகுத்தது. நல்ல விதிகளே. ஆனால் 300 மீட்டரை எங்கிருந்து அளப்பது? எல்லைக் கல்லிலிருந்து. கல் எங்கே இருக்க வேண்டும் என்பது எதில் இருக்கிறது? வரைபடத்தில். வரைபடம் எங்கே? ஆபீசில்! தன் வீட்டுச் சுவர் வெடி அதிர்ச்சியில் விரிசல் கண்டவன், அளந்து பார்க்க நாடாவைத்தான் எடுக்கலாம். நாடாவின் மறுமுனையை எங்கே பிடிப்பான்?

“கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறோமே” என்பர். நடத்துகின்றனர்; ஆனால் எல்லாவற்றுக்குமா? ஐந்து எக்டேருக்கு உட்பட்டுத் தனித்து நிற்கும் குவாரிக்கு அந்தக் கூட்டமும் இல்லை. ஐந்துக்குள் அடங்கும் துண்டுகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்தடுத்த துண்டுகளைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்ற விதி 2016இல்தான் வந்தது. துண்டு போடும் தந்திரம் எவ்வளவு தூரம் வேரோடியிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சிறு குழிகளின் கதை இது. பெருங்கனிமத்தில் நடந்ததைக் கேளுங்கள். மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து அரிட்டாப்பட்டி. சமணப் படுக்கைகளும், பழந்தமிழிக் கல்வெட்டும், பாண்டியர் குடைந்த குகைக்கோயிலும் உள்ள ஊர். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அங்கே 193 எக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது; மாநிலத்தில் அதுவே முதலாவது. சரியாக ஈராண்டு கழித்து, 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் வென்றது என்ற செய்தி வந்தது. தொகுதியின் பரப்பு 2015.51 எக்டேர். மரபுத் தலத்தின் பகுதியும் அதற்குள்ளே! ஒரு முளை அடித்தார்களா? இல்லை. ஒரு கல் நட்டார்களா? இல்லை. எங்கோ ஒரு மேசையில், ஒரு வரைபடத்தில், கோடு கிழித்தனர். கோட்டுக்குள்ளே அகப்பட்ட ஊர்களுக்குத் தாம் அகப்பட்டது ஏலம் முடிந்த பிறகே தெரிந்தது.

2023இல் செய்த திருத்தத்தின்படி முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. மாநிலத்தின் மண், டில்லியின் சுத்தியல்! சச்சரவு எழுந்ததும், மாநிலம் எதிர்ப்பே தெரிவிக்கவில்லை என்றது டில்லி. 2023 அக்டோபரிலேயே எழுதினோம் என்றது சென்னை. இருதரப்புக் கோப்பும் இருக்கட்டும். ஊராருக்கு எழுதியவர் யார்? அங்கு மட்டும் மறுமொழி இல்லை. 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் மதுரையை நோக்கித் திரண்டு நடந்தனர். பெண்களும் முதியோரும் மாணவரும் நடந்தனர். ஜனவரி 23 அன்று ஏலம் கைவிடப்பட்டது. வென்றனர் மக்கள்! ஆனால், எல்லையைத் தெரிந்துகொள்வதற்கே ஓர் ஊர் நெடுஞ்சாலையில் நடந்து மாவட்டத் தலைநகரை நிறைக்க வேண்டுமென்றால், நடக்க இயலாத சிற்றூர்களின் கதி என்ன?

அந்த வெற்றியின் ஈரம் காயுமுன், 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு வழங்கியது. நாட்டின் பாதுகாப்புக்கு வேண்டுமாம். நாட்டுப் பாதுகாப்பை நாமும் வேண்டுகிறோம். ஆனால் நாடு என்பது அரிட்டாப்பட்டியும் சேர்ந்ததுதானே? அவ்வூரார் வாய் திறந்தால் நாட்டுக்கு எப்படி ஆபத்து வரும்?

நம் மாநில ஆட்சியாளரும் மார்தட்டிக்கொள்ள இடமில்லை. அதே மேலூர்ப் பக்கத்தில் கிரானைட் குவாரிகள், குத்தகை எல்லையைத் தாண்டிப் புறம்போக்கையும் கண்மாயையும் வாய்க்காலையும் தின்றதாக 2012இல் எழுந்த புயல் மறந்துவிட்டதா? 2014 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் சகாயத்தை விசாரணைக்கு அமர்த்த வேண்டி வந்தது. 2015 நவம்பரில் அவர் அறிக்கை தந்தார். ஒரு கண்மாய் காணாமற் போவது ஓரிரவில் நடக்கும் செயலா? எல்லைக் கல்லை நகர்த்துவது குற்றம் என்று வெள்ளையன் காலத் தண்டனைச் சட்டமே எழுதி வைத்திருந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஊருக்குக் கல் முதலில் எங்கே இருந்தது என்பதற்குச் சான்று இல்லை. சான்று வைத்திருந்த ஆபீசோ பார்க்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவேதான் மலை மறைந்தது.

கோலாரையும் ஒரு வரியில் சொல்லிவிடுவோம். 1873இல் மைசூர் அரசிடம் பொன் தேடும் உரிமை கேட்டவர் லவெல் என்ற அயர்லாந்துப் படைவீரர். உரிமைத் தாள் அவருக்கு. அந்தத் தாள் கைமாறிக் கைமாறிக் கம்பெனிக்குப் போயிற்று. பாதாளத்தில் இறங்கி நுரையீரலைத் தூசுக்குக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுத் தாழ்த்தப்பட்ட மக்கள். 2001இல் சுரங்கத்தை மூடியபோதும் எல்லைக்குள் எஞ்சியவர்கள் அவர்களே.

ஆகவே கேட்கிறோம். குத்தகையோ ஏலமோ முடிவாவதற்கு முன்பே, எல்லை வரைபடத்தைத் தமிழில், புல எண்ணோடும் ஊரார் வழங்கும் இடப்பெயரோடும், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. அவற்றுள் ஒருநாள், நில அளவர் ஊராரை அழைத்துக்கொண்டு எல்லையைச் சுற்றி நடக்கட்டும். யானை வேண்டாம், கால் போதும். தூணிலே குத்தகைதாரர் பெயர், முடியும் ஆண்டு, ஒப்பிய ஆழம் மூன்றையும் எழுத்தறிந்தோர் படிக்கும் அளவில் தமிழில் பொறிக்கட்டும். குழிக்குள் இறங்கும் படிமேடைகளில் ஆழக்குறி இடட்டும். ஏரி மதகிலே நீர்மட்டக் குறி எழுதத் தெரிந்த அரசுக்கு இது தெரியாததா? செலவு என்பீர்களேல், ஒரு டிப்பர் ஜல்லியின் விலையில் எத்தனை பலகை எழுதலாம் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

பள்ளிக்கும் வேலை உண்டு. அதை நாமே ஏற்கிறோம். புலப்படத்தைப் படிக்கவும், அளவுகோல் வைத்துப் பரப்பு காணவும், கைப்பேசியில் அட்சரேகை பார்த்துத் தூணின் எண்ணோடு ஒப்பிடவும் ஒன்பதாம் வகுப்பு மாணவனால் முடியும். முக்கோணத்தின் பரப்பைக் கரும்பலகையில் நூறு முறை கண்டவன், ஒருமுறை கல்லருகே நின்று காணட்டும். பாடத்திட்டம் திருந்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, சனிக்கிழமை போதும்.

சிக்கராயபுரத்துக் குழிகளுக்கு இப்போது குத்தகைதாரர் எவரும் இல்லை என்று கைவிரிக்க வேண்டாம். தண்ணீர் எடுக்கத் தெரிந்த கைகளுக்கு வேலி போடவும் தெரியும். ஒவ்வொரு குழியின் ஆழத்தையும் அளந்து, அடிக்கணக்கில் தமிழில் எழுதி, இறங்கும் வழிதோறும் பலகை நடுங்கள். வேலி இல்லாத பக்கமெல்லாம் வேலி இடுங்கள். பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை தொடங்குமுன் இதைச் செய்து முடியுங்கள்.